பிக்கப் வண்டியில் டூல்ஸ் பெட்டி: மழை நின்றது, ஈரம் நிற்கவில்லை

நேற்றுக் காலை பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். மொறமொறவென்று சத்தம் வந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வண்டி கூரையில்லாத இடத்தில்தான் நின்றது. தாள் நனையவில்லை, பைப் ரிஞ்சின் பல்லில் துரு இல்லை, ஹேக்ஸா பிளேடு பாக்கெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளவில்லை. போன வருடம் புரட்டாசியில் தொடங்கிய வேலை. இடையில் ஒரு தடவை முழுசாகக் கழற்றி மாட்டியாயிற்று, மூடியை மட்டும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன்.

என் தொழில் மோட்டார், பம்பு, ஸ்பிரேயர், தேயிலை பறிக்கும் மெஷின் ரிப்பேர். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு, நெடுகுளா, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி வரை தோட்டத்துக்கே போய்ச் செய்து கொடுக்கிறேன். பம்பைக் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. பாதிப் பேருக்குப் பம்பு தேயிலைச் சரிவுக்கு அடியில், ஓடைக்கரையில் இருக்கும். பட்டறைதான் வண்டியில் போக வேண்டும். வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பொலிரோ பிக்கப்.

இதற்கு முன்னால் ஒரு தகர டிரங்குப் பெட்டியைக் கேபினுக்குப் பின்னால் வைத்து, கயிற்றால் கட்டி, மேலே தார்பாய் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒரு வளைவில் கயிறு நழுவிப் பெட்டி இடமும் வலமுமாக அடித்தது. நிறுத்திப் பார்த்தபோது பைப் ரிஞ்சின் கைப்பிடி தகரத்தைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த ரிஞ்ச் ரோட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. போல்ட் போட்டு முறுக்கிய பெட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

அளவு எடுத்தேன். பாடியின் உள் அகலம் 66 அங்குலம். பெட்டியைக் கேபினை ஒட்டிக் குறுக்காக, இடது ஓரம் தள்ளி வைப்பது என்று வைத்துக்கொண்டேன். பெட்டியின் நீளம் 48 அங்குலம் என்றால் வலது பக்கம் 18 அங்குலம் மிச்சம். ஏணி, பிவிசி பைப், சுருட்டிய ஓஸ் எல்லாம் அந்தச் சந்தில் நீளவாக்கில் போகும். டூல்ஸ் கனமெல்லாம் பின் ஆக்சிலுக்கு முன்னாலேயே இருக்கும். ஏற்றத்தில் பின்பக்கம் இழுக்காது. பாடிக்கு வெளியே ஒரு அங்குலம்கூட எதுவும் நீட்டக்கூடாது, வண்டியில் எங்கேயும் வெல்டிங் வைக்கக்கூடாது, நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி தனியாக வந்துவிட வேண்டும் என்பதும் முதலிலேயே முடிவு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்வி வந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தகடு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம். 18 கேஜ் போதும், இலேசாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். டிரங்குப் பெட்டி கிழிந்ததைப் பார்த்தவன், ஒத்துக்கொள்ளவில்லை. 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று, 37 கிலோ. அதை 16 அங்குலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டினால் ஆறு பட்டை கிடைக்கும். அடி, மூடி, முன், பின் என்று நாலு பட்டை. ஐந்தாவதில் இரண்டு பக்கச் சதுரம், ஒரு தடுப்பு. ஆறாவது மிச்சம். பேப்பரில் வரைந்து பார்த்தபோது ஒரு துண்டு வீணில்லாமல் அவ்வளவு அழகாக வந்தது. அந்த அழகில்தான் முதல் தப்பு இருந்தது. மூடியும் அடியும் ஒரே அளவு என்றால் மூடி பெட்டியின் விளிம்போடு முடிந்துவிடும்; வெளியே தாழ்ந்து இறங்க அதற்கு ஓரமே இல்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

சட்டத்துக்கு 25-க்கு 25, 3 மி.மீ. எல் ஆங்கிள் 8 மீட்டர். பட்டறை அண்ணன் சட்டத்தை நன்றாகக் கட்டிவிட்டார். தகட்டைப் பொருத்தும்போது, தண்ணீர் போகக்கூடாது என்ற அவசரத்தில், "அண்ணா, வெல்டிங்க விடாம முழுசா ஓட்டிடுங்க" என்று நான்தான் சொன்னேன்.

"தம்பி, 16 கேஜ் இது. ஒரே ஓட்டா ஓட்டுனா முறுக்கிக்கும். ஒரு இஞ்ச் வெச்சு ரெண்டு இஞ்ச் விட்டு வர்றேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. மூடியின் ஓரத்தை மட்டும் விடாமல் ஓட்டினார். ஆறியதும் நடுவில் அரை அங்குலம் உப்பி நின்றது. மரச் சுத்தியால் தட்டி, நடுவில் குறுக்காக ஒரு ஆங்கிள் வைத்து இழுத்துத்தான் படிய வைக்க முடிந்தது. மற்ற மூலைகளையெல்லாம் அவர் சொன்னபடியே விட்டு விட்டு வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து வண்டியில் மாட்டுவது. இந்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான்.

பாடியின் தரை வழவழப்பான தகடு இல்லை. வண்டியின் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். என் வண்டியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 10 மி.மீ. வித்தியாசம். பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக 50-க்கு 25 செவ்வகக் குழாய் இரண்டு, பெட்டி நீளத்துக்கு வெட்டி, படுக்கைவசமாக அடியில் வைத்தேன். அவை மேடுகளின் மேல் உட்காரும், தண்ணீர் பள்ளம் வழியாகப் பின் டோருக்கு ஓடிவிடும்.

முதல் ஓட்டையை மேலிருந்தே போட்டேன். கீழே எட்டிப் பார்த்ததுதான், சரியாக அளக்கவில்லை. பிட் தரைத் தகட்டைத் தாண்டியதும் குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் இடித்து, கடக்கென்று முறிந்தது. முறிந்த பிட் போகட்டும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி டெயில் லேம்ப் வயர் கட்டு போகிறது. அதற்கு அந்தப் பக்கம் பிரேக் பைப். இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்திருந்தால், மலை இறக்கத்தில் ஓடும் வண்டியின் பிரேக் பைப்பைத்தான் ஓட்டை போட்டிருப்பேன்.

அன்றோடு வேலையை நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை, தரையில் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, கீழிருந்து மேலாக இடம் தேடினேன். டீசல் டேங்க், பிரேக் பைப், வயர், சேஸ் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது மூன்று அங்குலம் விலகிய நாலு இடம். சென்டர் பஞ்சால் தட்டி, கீழிருந்தே மேல்நோக்கி 3 மி.மீ. பிட்டால் வழி ஓட்டை போட்டேன். கண்ணில் தூள் விழும், கண்ணாடி இல்லாமல் செய்யக்கூடாது. மேலே வந்து நின்ற அந்த நாலு சின்ன ஓட்டைக்குத் தகுந்தபடி பெட்டியின் அடியையும் குழாயையும் குறித்துக்கொண்டேன். பெட்டியில் முதலில் ஓட்டை போட்டுவிட்டு வண்டியைத் தேடக்கூடாது. வண்டி எங்கே இடம் கொடுக்கிறதோ அங்கே பெட்டி ஒத்துப்போக வேண்டும். அப்புறம் மேலிருந்து 6, 8, கடைசியில் 11 மி.மீ. 11 போடும்போது மரக்கட்டையில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டேன். பிட் நுனி 15 மி.மீ.க்கு மேல் வெளியே வராது. தகட்டைத் தாண்டியதும் கட்டை தரையில் முட்டி நின்றுவிடும்.

போல்ட் 10 மி.மீ., தலையில் 8.8 என்று பலத்தின் தரம் போட்டது. முதலில் 50 மி.மீ. நீளம் வாங்கி, நட்டு பிடிக்காமல் திரும்பப் போய் 75 வாங்கினேன். 17-ஆம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நன்றாக ஏறிக்கொண்டே போனது. இறுகுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் குழாய் நசுங்கிக்கொண்டிருந்தது, தரையின் மேடு உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது. 25 மி.மீ. குழாய் போல்ட் இருந்த இடத்தில் 19 ஆகிவிட்டது.

கழற்றி, அரை அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பை 25 மி.மீ. நீளத்துக்கு நாலு துண்டு வெட்டினேன். குழாயின் அடிப்பக்க ஓட்டையைப் பெரிதாக்கி, துண்டை உள்ளே நிறுத்தி, அதற்குள் போல்ட்டை விட்டேன். இறுக்கும் அழுத்தம் முழுவதையும் அந்தத் துண்டு தாங்கிக்கொள்ளும், குழாய் நசுங்காது. தரை மேட்டுக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தில் 10 மி.மீ. பட்டைக் கம்பித் துண்டு, அதற்குக் கீழே 75-க்கு 75, 5 மி.மீ. தகடு, பிறகு வாஷர், நைலான் வைத்த லாக் நட்டு. குழாய்க்கும் தரைக்கும் நடுவில் 5 மி.மீ. ரப்பர். இப்போது இறுக்கினால் கல்லில் இறுக்குவதுபோல் சட்டென்று நின்றது. நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் படுத்துப் பார்த்தபோது ஒரே ஒரு கோடு கொஞ்சம் விலகியிருந்தது. கால் சுற்று ஏறியது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கோடுகள் அசையவில்லை.

ஓட்டையை மேட்டில் போடுவதா, பள்ளத்தில் போடுவதா என்று கேட்பார்கள். பள்ளத்தில் போட்டால் அடியில் பட்டைக் கம்பித் துண்டு தேவையில்லை, வேலை சுலபம். ஆனால் தண்ணீர் போவது பள்ளத்தில்தான். பிட் முறிந்த அந்த முதல் ஓட்டை பள்ளத்தில் இருந்தது. ரெட் ஆக்சைடு அடித்து அடைத்தும் ஆறு மாதத்தில் ஓரத்தில் துரு விட்டுவிட்டது. மேட்டில் போட்ட நாலும் சுத்தமாக இருக்கின்றன. கஷ்டப்பட்டாலும் மேடுதான்.

இப்போது சிலிக்கான் சமாச்சாரம். போல்ட் ஓட்டையைச் சுற்றியும், வெல்டிங் விட்டு விட்டு வைத்த மூலை இடுக்குகளிலும் கடையில் கேட்டு வாங்கிய சாதாரணச் சிலிக்கானைப் பிதுக்கி அடைத்தேன். பிதுக்கும்போது காடி வாசனை மூக்கில் ஏறியது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாதம் கழற்றியபோது, அந்தச் சிலிக்கானுக்கு அடியில் இருந்த ஜி.ஐ. வாஷர் எல்லாம் வெள்ளை மாவு பூத்திருந்தது. தகட்டில் சிலிக்கான் உட்கார்ந்த கோட்டிலேயே பழுப்புத் தடம். காடி வாசனை வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது நாகப் பூச்சையும் இரும்பையும் அரிக்கும். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் போடுவது அது. இரும்புக்குப் போடுவதானால் நியூட்ரல் என்று போட்டதைக் கேட்க வேண்டும், இல்லை பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டி, மணல் தாள் போட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, எனாமல் அடித்து, அதற்கு மேல் பி.யு. போட்டேன். சுரண்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வருடம் மூடிக்கு ஓரம் இல்லை என்றேன். அதனால் தண்ணீரைத் தடுக்கும் பொறுப்பு முழுக்க ரப்பர் பீடிங்கின் மேல் விழுந்தது. கார் கதவுக்குப் போடும் பீடிங் 12 அடி வாங்கிச் சுற்றிலும் ஒட்டினேன். ஓஸ் வைத்துக் கால் மணி நேரம் மூடியின் மேல் தண்ணீர் பீய்ச்சினேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நீலகிரியில் மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடி மழை அடிக்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை. அந்த மழைக்குத் தயாராகிவிட்டேன் என்ற நிம்மதியில் எல்லா டூல்ஸையும் அடுக்கினேன்.

பத்தாவது நாள் ஒரு பம்புக்கு பேரிங் மாற்றப் போனேன். 6204 பேரிங் பாக்கெட்டைப் பிரித்தேன். எண்ணெய்த் தாள் ஈரமாக விரலில் ஒட்டியது. பேரிங்கின் வெளி வளையத்தில் கடுகு தாளித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். சுற்றிப் பார்த்தால் கரகரவென்றது. பக்கத்தில் இருந்த 6203-உம் அப்படியே. புது பேரிங். தோட்டத்து ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் போட மாட்டேன் ஐயா, நாளைக்கு வேற கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்து அடிக்க ஆளைச் சொல்லி வைத்திருந்தார், ஒரு நாள் கூலி அவருக்கு நஷ்டம்.

எங்கோ ஒழுகுகிறது என்றே நினைத்தேன். மறுபடி ஓஸ் வைத்துப் பார்த்தேன், இல்லை. மூடியின் உட்புறத்தைக் கையால் தடவியபோதுதான் புரிந்தது. சோறு வடித்த பானை மூடியின் அடியில் நிற்பதுபோல் வரிசையாக நீர்த்துளி. மழைத் தண்ணீர் இல்லை அது. பெட்டிக்குள்ளேயே உண்டான வேர்வை.

காரணம் நான்தான் உள்ளே வைக்கிறேன். ஓடையிலிருந்து எடுத்த ஃபுட் வால்வு, நனைந்த கயிறு, கையுறை, எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் அப்படியே உள்ளே போட்டு மூடுவேன். ராத்திரி இரும்பு மூடி சில்லிட்டுப் போகும், உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் அதில் ஒட்டிச் சொட்டும். பழைய தார்பாய்க்கு அடியிலாவது காற்று போய் வந்தது. நான் அதையும் அடைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. வாரம் ஒரு தடவை சாமான் வாங்க மேட்டுப்பாளையம் இறங்குவேன், 33 கிலோமீட்டர். அங்கே பெட்டியைத் திறந்தால் மூடி உறிஞ்சிப் பிடித்ததுபோல் வர மறுக்கும்; நெம்பினால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மேலே வரும் டூரிஸ்ட் வண்டியில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டிருக்குமே, அதன் மறுபக்கம் இது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இங்கே காற்றழுத்தம் அங்கே இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. இறங்கும்போது பெட்டி எந்த இடுக்கு கிடைத்தாலும் காற்றை உள்ளே இழுக்கிறது. மழையில் இறங்கினால் பீடிங் ஓரத்தில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. கீழே நிரம்பிய சூடான ஈரக் காற்று மேலே வந்ததும் குளிர்ந்து சொட்டுகிறது. வீட்டு வாசலில் ஓஸ் வைத்துப் பார்த்தபோது ஒழுகாத பெட்டி ரோட்டில் ஒழுகியதற்குக் காரணம் இது.

சிலிக்கா ஜெல் அரைக் கிலோ வாங்கி மூட்டை கட்டி உள்ளே தொங்கவிட்டேன். நீலமாக இருந்தது மூன்றாம் நாளே ரோஸ் ஆகிவிட்டது. சூடு பண்ணிக் காயவைத்து இரண்டு தடவை போட்டேன். மேகம் இறங்கி நிற்கும் வாரத்தில் அது ஒன்றும் செய்யாது. விட்டுவிட்டேன்.

தை மாதம் பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "அண்ணா, காத்து போகணும், தண்ணி போகக்கூடாது" என்றேன். அவர் சமையல்கட்டுப் புகைபோக்கியைக் காட்டி, "வாயைக் கீழ பாக்க வெச்சுட்டா மழை எப்படி ஏறும்?" என்றார். அதுதான் செய்தோம். இரண்டு பக்கச் சதுரத்திலும் ஓட்டை, இடது பக்கம் கீழே இரண்டு, வலது பக்கம் மேலே இரண்டு. ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குல பிவிசி எல்போ, வாய் தரையைப் பார்த்து. உள்பக்கம் கொசுவலை. முன்னும் பின்னும் வைக்கவில்லை. ஓடும்போது சாரல் அடிப்பது முன்பக்கம், சக்கரம் இறைக்கும் சேறு வருவது பின்பக்கம். பெட்டியின் அடியில் நாலு மூலையிலும் 6 மி.மீ. வடிகால் ஓட்டை. பெட்டிக்குள் ஓட்டை போட எனக்கே மனம் வரவில்லை. போட்ட பிறகுதான் பெட்டி காய்ந்தது.

காற்றுக்கு வழி விட்டாகிவிட்டது, அப்போது மழையைப் பீடிங் மட்டும் தடுத்தால் போதாது. மூடிக்கு ஓரம் வேண்டும். முதல் வருடம் மிச்சமிருந்த ஆறாவது பட்டை இப்போது உதவியது. மூடியின் முன்பக்கமும் இரண்டு பக்கமும் 10 மி.மீ. சதுரக் கம்பி வைத்து வெல்டிங், அதன் வெளியில் ஒன்றரை அங்குலப் பட்டை தொங்கும்படி வெல்டிங். பெட்டிக்கும் ஓரத்துக்கும் நடுவில் 10 மி.மீ. இடைவெளி. கம்பி வைக்காமல் ஒட்டிப் போட்டால் பெயின்டைச் சுரண்டும், நீரும் இடுக்கில் ஏறி நிற்கும். கீல் இருக்கும் பின்பக்கம் ஓரம் வைக்க முடியாது, மூடி திறக்காது. அங்கே லாரி டியூபை நாலு அங்குலப் பட்டையாக வெட்டி, மேலே ஒரு பட்டி வைத்து போல்ட் போட்டு, கீலை மூடித் தொங்கவிட்டேன். பூட்டுக்கு மேலேயும் அதே டியூப் துண்டு. பீடிங்கை எடுக்கவில்லை, தகடு தகட்டில் மோதி ஓடும்போது கடகடக்காமல் இருக்க அது வேண்டும்.

மூடி 9 கிலோ ஆகிவிட்டது. பழைய கார் டிக்கியிலிருந்து எடுத்த கேஸ் கம்பி ஒன்றை ஒரு பக்கம் மாட்டிப் பார்த்தேன். கார் கதவைத் தூக்கும் பலம் இந்த மூடிக்கு மிக அதிகம். மூடும்போது கம்பி இருந்த மூலை மேலே நின்றது, மறுமூலை மட்டும் படிந்தது. 600 ரூபாய் போனது. இப்போது பானட்டுக்கு இருப்பதுபோல் ஒரு தாங்கு கம்பி, 8 மி.மீ. உருட்டுக் கம்பியை வளைத்து மாட்டியது. கம்பி நுனி உட்காரும் கொக்கியை ஆழமாக வைத்தேன். கோடநாட்டுப் பக்கம் அடிக்கும் காற்றில் மூடி விரலில் விழுந்தால் எலும்பு தப்பாது. மூடிக்கு அடியில் பழைய ஃபோம் பாய் ஒன்றை வெட்டி ஒட்டினேன். துளி கட்டுவது அதில் நின்றுவிட்டது.

உள்ளே அடியில் ஒரு அங்குல மரச்சட்டம், அதன் மேல் ரப்பர் பாய். 1 டன் செயின் பிளாக், புல்லர், பெரிய ரிஞ்ச் எல்லாம் கீழே. ஸ்பானர்கள் கான்வாஸ் துணியில் அறை தைத்து உருட்டியது. அம்மா தைத்துக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பேரிங், சீல் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில், கரண்ட் பார்க்கும் மீட்டர் கேபினில். நனைந்த சாமான் எதுவும் பெட்டிக்குள் போகாது. அதற்கென்று வலது பக்கச் சந்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கட்டியிருக்கிறேன். எல்போவுக்குச் சமமாக இந்தக் கிரேடும் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

பழைய இரும்புக் கடைத் தராசில் பெட்டி மட்டும் 51 கிலோ. டூல்ஸோடு 120 வரும். செலவு: இரும்பு 3,872 ரூபாய், இரண்டு தடவை வெல்டிங் கூலி 3,400, பெயின்ட், போல்ட், பீடிங், சீலன்ட், பூட்டு, முறிந்த பிட், வீணான சிலிக்கான், கேஸ் கம்பி எல்லாம் சேர்த்து 3,760. ஆக 11,032. துருப்பிடித்துத் தூக்கிப்போட்ட பேரிங், சீல் கணக்கு தனி, 2,300 சொச்சம்.

இன்னும் சரியாகாத விஷயம் இரண்டு. மாசியிலிருந்து சித்திரை வரை தோட்டத்து மண் ரோட்டில் புழுதி எல்போ வழியாக உள்ளே வருகிறது, கொசுவலை இரண்டு வாரத்தில் அடைத்துக்கொள்கிறது. கழற்றிக் கழுவ வசதியாக எல்போவை ஒட்டாமல் திருகி மாட்டும்படி செய்திருக்க வேண்டும். டியூப் ரப்பர் வெயிலில் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது, வருடம் ஒன்று மாற்ற வேண்டியிருக்கும்.

கேத்தியில் கேரட் போடும் நண்பர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அதேபோல் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தகடு வாங்க அடுத்த வாரம் இறங்குகிறேன். இந்த முறை பெட்டியின் அளவு முன்னதேதான், ஆனால் மூடியை 52-க்கு 18 அங்குலம் என்று வெட்டி, மூன்று பக்கமும் ஒன்றரை அங்குலம் பெண்டிங் மெஷினில் மடித்துவிடச் சொல்லப் போகிறேன். வெல்டிங் இல்லாத ஓரம் முறுக்காது. ஒரு ஷீட் போதாது, கூட 4 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று வேண்டும். அவர் வண்டிக்கு அடியில் படுத்து நாலு இடமும் குறித்து வைத்துவிட்டேன்.